கைப்பெட்டி கட்டும் முறை



பயணம் செய்வார்க்குப் பொருள் துணையாகும். அளவிறந்த பொருளோ அப்பயணத்திற்கே பகையாகும். இவ்விரண்டிற்கும் நடுவில் நிற்கும் அளவு யாது, அதனைக் கண்டறிவது எவ்வாறு என்பதே இப்பாடத்தின் பொருள்.

நம்மவருள் பலர் இந்நாளில் விமானத்தில் யாத்திரை செல்கின்றனர். பெங்களூரிலிருந்தும் கோலார் தங்கவயலிலிருந்தும் மும்பையிலிருந்தும் நாக்பூருக்கும் புத்தகயைக்கும் செல்வோர், முன்னாளில் தகரப் பெட்டியும் படுக்கைச் சுருளுமாக இரயிலேறினர். விமானத்தில் அவ்வழக்கம் செல்லாது. ஓராண்டு சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் தாயை அழைத்துச் செல்லும் குடும்பத்தினர், விமான நிலையத் தராசின் முன் பெட்டியைத் திறந்து, வரிசையில் நிற்போர் அனைவரும் பார்க்க, உள்ளாடை முதல் தின்பண்டம் வரை வெளியே எடுத்துவைக்க நேர்வது வருந்தத்தக்கது. மிகுதி எடைக்குப் பணம் கட்டுவது இழப்பு. அவசரத்தில் எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாமல் மருந்துப் பையையே வேறு பெட்டிக்கு மாற்றி அனுப்பிவிடுவது பேரிழப்பு. இவையனைத்தும் வீட்டிலேயே தடுக்கத்தக்கவை. ஆதலின் இதனை ஒரு கல்வியாகவே கொண்டு படிக்க வேண்டுகிறேன்.

1. அளவும் எடையும்

இந்திய உள்நாட்டு விமானங்களில் சாதாரண வகுப்பில் செல்பவர் தம்முடன் உள்ளே எடுத்துச் செல்லும் பெட்டிக்குப் பெரும்பாலும் 7 கிலோ எடையே இசைவு. நீள அகல உயரங்களின் கூட்டு 115 சென்டிமீட்டரைத் தாண்டலாகாது. 55 நீளம், 35 அகலம், 25 உயரம் என்பது பலரும் கொள்ளும் கணக்கு. நிறுவனத்திற்கு நிறுவனம் சிறிது வேறுபடுமாதலின், நும் பயணச்சீட்டில் எழுதியுள்ளதை ஒருமுறை படித்தறிக.

இவ்விரு எண்களையும் சேர்த்து எண்ணுதல் வேண்டும். 55, 35, 25 ஆகியவற்றைப் பெருக்கினால் 48,125 கன சென்டிமீட்டர், அஃதாவது ஏறக்குறைய 48 லிட்டர் ஆகும். 48 லிட்டர் கொள்ளும் பெட்டியில் 7 கிலோவுக்கு மேல் வைக்கலாகாது என்பதே விதி. எனவே இடம் தீருமுன் எடை தீர்ந்துவிடும். பெரும்பாலோர் "இன்னும் இடமிருக்கிறதே" என்று எண்ணிப் பொருளைத் திணிக்கின்றனர். கண் இடத்தைப் பார்க்கிறது. தராசு எடையைப் பார்க்கிறது. கண் சொல்வதைக் கேட்டு அடுக்குபவர் தராசின் முன் தோற்பர். இதுவே முதற் பாடம்.

2. பெட்டியும் ஒரு பாரமே

சக்கரம் வைத்த பெட்டி நெடுங்காலத்தது அன்று. அமெரிக்க நாட்டில் பெர்னார்டு சேடோ என்பார் சக்கரப் பெட்டிக்கு 1972-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். இன்று காணும் நிமிர்ந்து உருளும் பெட்டியையும் நீள்பிடியையும் 1987-ஆம் ஆண்டில் ராபர்ட் பிளாத் என்னும் விமானி அமைத்தார். இவ்வமைப்பு முதியோர்க்கும் முதுகு நோயுடையோர்க்கும் பேருதவியாயிற்று என்பதில் ஐயமில்லை.

ஆயினும் சக்கரம் கைக்கு உதவுமேயன்றித் தராசுக்கு உதவாது. சக்கரம், இரும்புப்பிடி, கெட்டியான ஓடு ஆகிய இவற்றோடு கூடிய வெறும் பெட்டியே இரண்டரை முதல் மூன்றரைக் கிலோ வரை இருக்கும். ஏழில் மூன்றைப் பெட்டியே உண்டுவிட்டால் நமக்கு எஞ்சுவது நான்கு. தோளில் மாட்டும் துணிப்பையோ ஒரு கிலோவுக்கு உட்பட்டே கிடைக்கும். தோள் வலியில்லாத இளைஞர் துணிப்பையையே கொள்க. முதியோர்க்குச் சக்கரப் பெட்டி இன்றியமையாததெனில், வாங்கும்போதே அதன் வெற்றெடையைக் கேட்டறிந்து, குறைந்த எடையுடையதைத் தேர்க.

3. அமுக்கினால் எடை குறையுமோ?

காற்றை வெளியேற்றித் துணியைத் தட்டையாக்கும் பிளாஸ்டிக் உறைகள் கடைகளில் விற்கின்றன. அவற்றில் இட்டால் கம்பளி ஆடையும் கைக்கடக்கமாகிவிடுகிறது. அதனைக் கண்டு பலர் மகிழ்ந்து, மிஞ்சிய இடத்தில் மேலும் இரண்டு ஆடை வைக்கின்றனர்.

பஞ்சாலையில் உழைத்தோர் இதில் ஏமாறார். நம் நாட்டுப் பஞ்சுப் பேல் ஒன்றின் எடை 170 கிலோ. அழுத்துவதற்கு முன் அப்பஞ்சு மலைபோல் குவிந்து கிடக்கும். அழுத்தியபின் ஓர் ஆளின் மார்பளவுக்குள் அடங்கிவிடும். ஆனால் அழுத்துமுன்னும் 170 கிலோ, அழுத்தியபின்னும் 170 கிலோதான். வெளியேறியது காற்றே. பேல் கட்டுவது லாரியில் இடம் மிச்சப்படுத்துவதற்கேயன்றி எடையைக் குறைப்பதற்கன்று. அவ்வுறையைப் பருமனான கம்பளிக்கு மட்டும் பயன்படுத்துக. மிஞ்சிய இடத்தை மிஞ்சியதாகவே விடுக.

நூல் வகையிலும் ஓர் அறிவு வேண்டும். பருத்தி தன் உலர்ந்த எடையில் நூற்றுக்கு எட்டரைப் பங்கு ஈரத்தை இயல்பாகவே காற்றிலிருந்து ஏற்று நிற்கும். பாலியெஸ்டர் ஏற்பது நூற்றுக்கு அரைப் பங்கிற்கும் குறைவு. ஆகவே பருத்தி உடம்புக்கு இதம். ஆனால் துவைத்தால் மெல்ல உலரும். மார்கழி, தை மாதங்களில் கயை நாட்டில் மூடுபனி நிற்கும். அங்கே பருமனான டர்க்கித் துண்டு ஓரிரவில் உலராது. ஈரத்துடன் பையிலிட்டால் எடையும் கூடும், நாற்றமும் பிறக்கும். மெல்லிய ஈரிழைத் துண்டே போதும். சட்டைகளுள் ஒன்றேனும் கலப்பு நூலால் ஆனதாயிருந்தால் இரவில் துவைத்துக் காலையில் உடுத்தலாம்.

4. எவ்வளவு ஆடை வேண்டும்?

இவ்வினாவிற்கு விநயபிடகத்தில், மகாவக்கத்தின் சீவரப் பகுதியில், ஒரு விடை இருக்கிறது.

பகவான் இராசகிருகத்திலிருந்து வைசாலி செல்லும் வழியில், பிக்குகள் பலர் ஆடை மூட்டைகளைத் தலையிலும் தோளிலும் இடுப்பிலும் சுமந்து வருவதைக் கண்டார். இவ்வளவு விரைவில் இவர்கள் மிகுதியை நாடிவிட்டனரே என்று எண்ணினார். ஆயினும் அந்தக் கணமே விதி செய்துவிடவில்லை. வைசாலியில் கோதமக சைத்தியத்தில் தங்கியபோது, பனி பொழியும் குளிர்கால இரவில் திறந்த வெளியில் ஓராடையுடன் அமர்ந்தார். முதற் சாமம் கழிந்தபின் குளிர் தோன்றிற்று. இரண்டாம் ஆடையை மேலிட்டார். நடுச்சாமம் கழிந்தபின் மீண்டும் குளிர்ந்தது, மூன்றாவதை இட்டார். கடைச்சாமம் கழிந்து கிழக்கு வெளுக்கும்போது குளிர்ந்தது; நான்காவதை இட்டார். அதற்குமேல் குளிரவில்லை. அவ்வனுபவத்தின் பின்னரே மூன்று சீவரங்களை அனுமதித்தார்: இரட்டை மடிப்புடைய சங்காடி ஒன்று, ஒற்றை மடிப்புடைய உத்தராசங்கம் ஒன்று, ஒற்றை மடிப்புடைய அந்தரவாசகம் ஒன்று. ஆடை மூன்று, மடிப்பு நான்கு. குளிரில் வாடுவோர் மீது கருணையும் இருந்தது, சுமைக்கு எல்லையும் அமைந்தது.

இவ்வரலாற்றில் நாம் கற்பவை இரண்டு. ஒன்று, தேவையை அச்சத்தால் அளவிடாமல் அனுபவத்தால் அளவிடுதல். "ஒருவேளை வேண்டியிருந்தால்?" என்னும் வினா அச்சத்தின் குரல். "சென்ற பயணத்தில் இதனை எத்தனை முறை எடுத்தேன்?" என்பதே அனுபவத்தின் குரல். பலகாலம் இல்லாமையில் வாழ்ந்த குடும்பங்களில் அச்சத்தின் குரல் உரத்துக் கேட்பது இயல்பு. கேட்டால் கொடுப்பார் இல்லாத ஊர்களில் நம் முன்னோர் எல்லாவற்றையும் சுமந்தே சென்றனர். அவர்கள் செய்தது பிழையன்று. இன்று சோப்பும் சீப்பும் எவ்வூர்க் கடையிலும் காசுக்குக் கிடைக்கின்றன.

இரண்டு, பருமனான ஒன்றினும் மெல்லிய பல மேலானவை. அடுக்குகளின் இடையே அசையாது நிற்கும் காற்றே வெப்பத்தைக் காக்கிறது. புத்தகயையில் அம்மாதங்களில் பகல் வெயில் இதமாயிருக்கும். இரவில் 10 பாகைக்கும் கீழே இறங்குவதுண்டு. பனியன், சட்டை, ஸ்வெட்டர், சால்வை என நான்கு அடுக்கு இருப்பின், வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாய்க் களையலாம். குளிர் ஏற ஏற ஒவ்வொன்றாய் இடலாம். ஒரே கனத்த கோட்டு இருப்பின் பகலில் அது சுமை. இரவிலும் அதற்கு மாற்றில்லை.

5. ஏழு கிலோவின் கணக்கு

ஐந்து நாள் புத்தகயை யாத்திரைக்கு ஓர் ஆடவர் கொள்ளத்தக்கவற்றை எடையுடன் கீழே தருகிறேன். எடைகள் ஏறக்குறையவே, நும் பொருள்களை நிறுத்துத் திருத்திக்கொள்க.

துணிப்பை 900 கிராம்.
சட்டை இரண்டு 450.
கால்சட்டை ஒன்று 400.
வெள்ளை வேட்டி ஒன்று 250.
உள்ளாடை மூன்று தொகுதி 450.
காலுறை இரண்டு இணை 100.
கம்பளிச் சால்வை 500.
ஈரிழைத் துண்டு 150.
சோப்பு, பற்பசை முதலியன 350.
மருந்து 200.
மின்சேமிப்பி, சார்ஜர் 350.
நூலும் குறிப்பேடும் 400.
வெற்று நீர்ப்புட்டி 150.
உலர்ந்த தின்பண்டம் 500.
கொடிக்கயிறு, ஊக்கு, மடிப்புப் பை 100.

ஆகக் கூட்டினால் 5 கிலோ 250 கிராம். எஞ்சுவது 1 கிலோ 750 கிராம். இதனை நிரப்பாமல் விடுக. திரும்பி வருங்கால் வாங்கும் நூல்களுக்கும் நினைவுப் பொருள்களுக்கும் அதுவே இடம்.

மகளிர் இரண்டு சட்டை, கால்சட்டை, வேட்டி ஆகிய 1,100 கிராமுக்கு மாறாக, மெல்லிய புடைவை இரண்டு 900, ரவிக்கை இரண்டு 200, உள்பாவாடை இரண்டு 300 என 1,400 கிராம் கொள்வர். மிகுவது 300 கிராமே. மொத்தம் 5 கிலோ 550 கிராம்.

இனி இதே ஆடவர் இதே பொருள்களை 3 கிலோ எடையுள்ள சக்கரப் பெட்டியில் இட்டால் கணக்கு என்னாகும்? 5,250-இல் துணிப்பையின் 900 போக 4,350; அதனுடன் 3,000 கூட, 7,350. பொருள் ஒன்றும் மிகவில்லை. எனினும் எல்லை கடந்துவிட்டது. பெட்டியின் எடையை முதலில் பார்க்க வேண்டும் என்று கூறியதன் காரணம் இதுவே.

கனத்த சப்பாத்து, ஸ்வெட்டர், கழுத்துத்துணி ஆகியவற்றை உடுத்தே செல்க. உடம்பின் மேலுள்ளதைத் தராசு எண்ணுவதில்லை. எண்ணிய எடை சரிதானா என்று வீட்டிலேயே சோதிக்க, ஆள் நிற்கும் எடை இயந்திரத்தில் பெட்டியுடன் ஒருமுறை, பெட்டியின்றி ஒருமுறை ஏறி நின்று கழித்துப் பார்க்கலாம். அதுவும் இல்லையெனில் தெருமுனைப் பலசரக்குக் கடையின் தராசு போதும்.

6. ஒன்றால் பல பயன்

கோசாம்பி அரசன் உதேனனின் தேவியர் ஆனந்தருக்கு ஐந்நூறு மேலாடைகளை வழங்கினர் என்றும், அரசன் ஐயுற்று இத்தனை ஆடைகளை என்செய்வீர் என வினவினான் என்றும் சுள்ளவக்கம் கூறும். கிழிந்த ஆடையுடைய பிக்குகளுக்குப் பகிர்ந்தளிப்போம் என்றார் ஆனந்தர். பழைய ஆடை விரிப்பாகும், பழைய விரிப்பு மெத்தையுறையாகும், அது தரைவிரிப்பாகும், பின் கால்துடைப்பாகும், பின் தூசு துடைக்கும் துணியாகும், இறுதியில் நைந்த துணியையும் மண்ணுடன் பிசைந்து தரை பூசுவோம் என அவர் விளக்கினார். எதுவும் வீணாகாது என்றறிந்த அரசன் மேலும் ஐந்நூறு ஆடை அளித்தான்.

பெட்டி கட்டுவோர் ஒவ்வொரு பொருளையும் கையிலெடுத்து, "நின் பயன் எத்தனை?" என்று வினவுக. சால்வை இரவில் போர்வை, பகலில் அமரும் விரிப்பு, விமானத்தில் தலையணை. வேட்டி வழிபாட்டிற்கு உடை, இரவிற்குப் படுக்கை விரிப்பு. மடிப்புப் பை அழுக்குத் துணிக்கும் ஆகும், கடைக்கும் ஆகும். ஒரே பயனுக்காக, அதுவும் ஒரே நாளுக்காக வரும் பொருள் வீட்டிலேயே இருக்கட்டும்.

7. அடுக்கும் முறை

கனமானவற்றைச் சக்கரத்தை ஒட்டியும், தோள்பையாயின் முதுகை ஒட்டியும் வைக்க. அவ்வாறு வைத்தால் பெட்டி சாயாது. தோளும் பின்னோக்கி இழுபடாது. பனியன், உள்ளாடை முதலிய நெகிழ்ந்த துணிகளைச் சுருட்டுக, அவை கசங்கா. கஞ்சியிட்ட வேட்டியையும் புடைவையையும் சுருட்டாமல் தட்டையாக மடித்து மேலே விரிக்க. மூலைகளிலும் இடுக்குகளிலும் காலுறைகளைச் செருகுக. கால்சட்டையின் மடிப்பு முறியாதிருக்க, அதன் ஒரு பாதியைப் பெட்டியின் அடியில் விரித்து, நடுவில் சுருட்டிய துணிகளை வைத்து, மறு பாதியை மேலே மூடலாம்.

எண்ணெய், பற்பசை முதலியவற்றைத் தனி உறையில் கட்டி மேற்புறம் வைக்க. சோதனையின்போது எடுத்துக் காட்டவும், கசிந்தால் துணி கெடாதிருக்கவும் அதுவே வழி. வெளிநாட்டு விமானங்களில் நீர்மப் பொருள் ஒவ்வொன்றும் 100 மில்லிலிட்டருக்கு மிகாத புட்டியில், ஒரு லிட்டர் கொள்ளும் கண்ணாடி போன்ற உறைக்குள் இருத்தல் வேண்டும். உள்நாட்டுப் பயணத்திலும் இவ்வளவைக் கைக்கொள்வதே நலம். தேங்காயெண்ணெய் ஏறக்குறைய 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும். குறுகிய வாயுடைய புட்டியில் கொண்டுசென்றால் கயையின் குளிரில் ஒரு துளியும் வராது. வாயகன்ற சிறு டப்பாவில் கொள்க.

8. கையை விட்டு நீங்கலாகாதவை

மருந்து, மருத்துவர் எழுதிய சீட்டு, புகைப்பட அடையாளச் சான்று, பணம், கண்ணாடி, மின்சேமிப்பி ஆகிய இவற்றை ஒரு சிறு பையிலிட்டு, அச்சிறு பையைப் பெட்டியின் மேலடுக்கில் வைக்க. காரணம் கூறுவேன். விமானத்தில் இருக்கைக்கு மேலுள்ள அறைகள் நிரம்பிவிட்டால், வாயிலில் நிற்கும் பணியாளர் நும் கைப்பெட்டியை வாங்கி அடியிலுள்ள சரக்கறைக்கு அனுப்புவதுண்டு. அப்போது தடுமாறாமல் அச்சிறு பையை மட்டும் உருவிக்கொள்ளல் வேண்டும்.

நீரிழிவு நோயாளரின் இன்சுலின் ஒருபோதும் சரக்கறைக்குச் செல்லலாகாது. அங்குக் குளிரால் உறையக்கூடும். உறைந்த இன்சுலின் தன் ஆற்றலை இழக்கும். பெட்டி வேறூர் சென்றுவிட்டாலோ நோயாளர் மருந்தின்றி நிற்பர். பயண நாள்களுக்கு மேல் மூன்று நாளைக்குரிய மருந்து கூடுதலாக இருக்கட்டும். பனிமூட்டத்தால் வடநாட்டு விமானங்கள் அம்மாதங்களில் தாமதப்படுவது வழக்கம். மிகுதி கொள்ளத்தக்க பொருள் ஒன்று உண்டெனில் அது மருந்தே.

மின்சேமிப்பியில் உள்ள லித்தியம் கலம் பழுதுற்றால் தீப்பற்றும். சரக்கறையில் பற்றினால் காண்பாரில்லை. ஆகவே அது பயணியின் கையோடு மட்டுமே செல்லல் வேண்டும் என்பது விதி. 100 வாட்-மணி வரை இசைவு. 10,000 மில்லி ஆம்பியர்-மணி என்று எழுதியிருப்பது 37 வாட்-மணியும், 20,000 என்பது 74 வாட்-மணியும் ஆகும். இவ்விரண்டும் எல்லைக்கு உட்பட்டவை.

கத்தி முதலிய கூரிய கருவிகளைக் கைப்பெட்டியில் விடார். தீப்பெட்டியும் லைட்டரும் எப்பெட்டியிலும் ஆகா. கொப்பரையில் எண்ணெய் மிகுதி. அது தானே சூடேறித் தீப்பற்றும் இயல்புடையதாதலின் அதனையும் விலக்குக. விளக்கும் பூவும் யாத்திரைத் தலத்திலேயே வாங்கலாம். மகாபோதி கோயிலினுள் கைபேசியைக் கொண்டுசெல்ல விடுவதில்லை, காலணியும் களையவேண்டும். எளிதில் கழற்றும் காலணியும், குளிர்ந்த கல்லில் நடக்கக் காலுறையும் கொள்க.

9. முடிவுரை

பிக்குவின் உடைமை எட்டு: சீவரம் மூன்று, பாத்திரம், சவரக்கத்தி, ஊசி, இடைக்கச்சை, நீர் வடிகட்டி. இல்லறத்தார் அவ்வெல்லையில் நிற்க வேண்டியதில்லை. ஆனால் அவ்வெட்டிலும் பயன் கூறமுடியாத பொருள் ஒன்றும் இல்லை என்பதை உற்று நோக்குக. ஊசிகூட இருக்கிறது, ஏனெனில் ஆடை கிழியும். வடிகட்டி இருக்கிறது, ஏனெனில் நீரில் உயிர்கள் உண்டு. குறைவாயிருப்பதோடு ஒவ்வொன்றின் காரணமும் தெளிவாயிருக்கிறது.

கூட்டமாக யாத்திரை செல்லும்போது இதன் அருமை விளங்கும். இரு கையிலும் சுமையுள்ளவன் படியேறும் முதியவளைக் கண்டும் கை நீட்ட இயலாது; மனமிருந்தும் கையில்லை. ஒரு கை ஒழிந்திருப்பவனே பிறர் குழந்தையைத் தூக்குவான், வழி தவறியவரின் கைபிடிப்பான். நம் பெட்டியில் குறையும் ஒவ்வொரு கிலோவும் உடன் வருவோர்க்கு நாம் செய்யும் உதவியாக மாறக்கூடும். இக்கருத்தோடு பெட்டியைக் கட்டுக.

பயில்வோர்க்குச் சில வினாக்கள்

1. 48 லிட்டர் கொள்ளும் பெட்டியில் இடம் எஞ்சியிருப்பினும் பொருள் வைக்கலாகாது என்பது ஏன்?
2. கோதமக சைத்தியத்தில் நான்கு ஆடை வேண்டியிருந்தும் மூன்று அனுமதிக்கப்பட்டது எவ்வாறு பொருந்தும்?
3. நும் வீட்டு முதியவர் ஒருவருக்கு ஐந்து நாள் பயணப் பொருள்களை எடையுடன் எழுதிக் கூட்டுக. அதில் மருந்து எவ்வளவு?

விடைகளை நும் சங்கக் கூட்டத்தில் ஒருவருக்கொருவர் கூறித் தெளிக. யாத்திரை இனிதாகுக.